கியர் இல்லாத வகை

அட்டையில் ஒச்சம்மாள் என்று என் பெயர்,
பிறந்த தேதி, ரத்த வகை.
அதற்குக் கீழே இன்னொரு வகை:
கியர் இல்லாதது.

பதினோரு வருஷம் அதுவே போதுமாயிருந்தது.
செக்கானூரணியில் வெறும் வயிற்றுக்காரர்களிடம்
விடியுமுன் குத்தி எடுத்த ரத்தத்தை
ஐஸ் பெட்டியில் அடுக்கி
ஏழு மணிக்குள் கே.கே. நகர் லேபில் சேர்க்க வேண்டும்.
நாகமலைக்கு இந்தப் பக்கம்
ஆடிக் காற்று ஒரு தள்ளு தள்ளும்,
தேனி பஸ் ஒரு தள்ளு.
பத்து அங்குலச் சக்கரம்
ஒரு பள்ளம் விடாமல் என் இடுப்பில் கணக்கெழுதியது.
போன புரட்டாசியில் பன்னிரண்டு குழாய் உடைந்தது.
பன்னிரண்டு பேரையும் மறுபடி குத்தினேன்.
ஒரு பிள்ளை என்னைப் பார்த்ததும்
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.
அன்றைக்குத்தான் பெரிய வண்டி என்று முடிவு செய்தேன்.

காளவாசல் ஷோரூம் பையன்
மைலேஜை வாசிமலையிடம் சொன்னான்,
டிஸ்க் பிரேக்கை வாசிமலையிடம் சொன்னான்,
தவணையை மட்டும் என்னிடம் சொன்னான்.
வாசிமலை என் கொழுந்தன். கூட வா என்றதற்கு வந்தவன்.
பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

முந்நூற்றைம்பதை நிமிர்த்திப் பார்த்தேன்,
துணியோடு பீரோவைச் சாய்த்துப் பிடித்தது மாதிரி.
அது நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ,
நான் நாற்பத்தெட்டு.
நூற்றிருபத்தைந்தில் இரண்டு காலும் சுகமாய் ஊன்றியது.
ஆனால் தேனி பஸ்ஸுக்கு அது இன்னொரு ஸ்கூட்டர்.
நூற்றைம்பதில் இடது கால் முழுசு,
வலது காலில் பெருவிரல் மட்டும்.

முனிச்சாலை சிக்கந்தர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"பெட்டிய எங்கம்மா வப்பீக?"
ஷோரூமில் யாருக்கும் தோன்றாத கேள்வி.
எனக்கும் தோன்றவில்லை.
ஸ்கூட்டரில் அது என் காலடியில் வரும்.
பைக்குக்குக் காலடியே கிடையாது.

அவரிடமே ஒரு நூற்றைம்பது நின்றது,
முப்பத்தோராயிரம் ஓடியது, டேங்கில் ஒரு கீறல்.
பின்னால் கேரியர் பற்றவைத்து
அடியில் சைக்கிள் டியூபை இரண்டு மடிப்பாக விரித்தார்,
குழாய் குலுங்காது என்றார்.
சீட்டில் ஒரு அங்குலம் நுரையை அறுத்து எறிந்தார்.
பெருவிரலுக்குப் பின்னாலேயே
மற்ற நாலு விரலும் தரைக்கு வந்து சேர்ந்தன.

வாங்கியாயிற்று. ஓட்டத்தான் உரிமை இல்லை.
என் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.
நாகமலையில் காற்று வந்தது.
வண்டி நேராகப் போனது.
வாசிமலை அதைக் கவனிக்கவில்லை,
ஏதோ கல்யாண மொய் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினான்.

எல்.எல்.ஆர். வந்தது. இன்னும் முப்பது நாள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் வறண்ட கண்மாய்.
கரையில் வாசிமலையும் அவன் செல்போனும்.

காலைச் சீக்கிரம் பழக்கிவிட்டேன்.
கைதான்.
இந்த இடது கை
பதினோரு வருஷமாய் இறுக்கி இறுக்கி வண்டியை நிறுத்திய கை.
இப்போது இறுக்கினால்
எஞ்சின் சக்கரத்தை விட்டுவிடுகிறது.
சரிவில் வண்டி தன்பாட்டுக்கு உருள்கிறது.
உருண்டால் பயம்,
பயந்தால் இன்னும் இறுக்குகிறது கை,
இறுக்கினால் இன்னும் உருள்கிறது.
மூன்று தடவை கருவேலத்துக்குள் போனேன்.
முள்ளை நானே எடுத்துக்கொண்டேன்,
நரம்பு தெரிந்த கைக்கு அது வேலையே இல்லை.
சுண்ணாம்பில் எட்டு போட்டு வைத்தால்
மேல் வட்டத்தில் ஆடுகள் வந்து படுத்துக்கொள்கின்றன.
கீழ் வட்டம் மட்டும் இப்போது நன்றாக வருகிறது.

சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள்.
இன்று காலை கோரிப்பாளையம் சிக்னலில்,
பழைய ஸ்கூட்டரில், பெட்டிக்குப் பக்கத்தில்,
பச்சை விழுந்ததும்
என் இடது கால்
இல்லாத கியரைத் தேடியது.